டி செல்லின் கடிவாளம்

நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு வேலை இரண்டு. உடலுக்குள் நுழையும் கிருமியை அழிப்பது ஒன்று. அந்த அழிப்பு வேலை சொந்த உடல்மீதே திரும்பிவிடாமல் காப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலைக்காக டி செல்கள் என்னும் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் சில புரதங்கள் இருக்கின்றன. உரிய சமிக்ஞை வந்து அவற்றைத் தொட்டதும் செல் தன் தாக்குதலை நிறுத்திக்கொள்ளும். புற்றுநோய்க் கட்டிகள் பல இந்த ஏற்பாட்டையே தமக்குக் கவசமாக்கிக்கொள்கின்றன. தம்மை அழிக்க வந்த டி செல்லுக்கு அவை ‘நில்’ என்று சமிக்ஞை காட்டுகின்றன, அதுவும் நின்றுவிடுகிறது. இந்தச் சமிக்ஞையை இடைமறித்து, டி செல்லைத் தன் வேலையைச் செய்யவிடுவதே ‘இம்யூன் செக்பாயின்ட்’ தடுப்புச் சிகிச்சை. இவ்வகையில் முதல் மருந்து 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால், இந்தச் சிகிச்சைக்குப் பின்னால் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி, நோயெதிர்ப்பு மண்டலத்தை எப்படித் தூண்டுவது என்ற கேள்வியிலேயே கழிந்தது. அதைத் தடுத்து வைத்திருப்பது எது என்று கேட்கத் தொடங்கிய பிறகே வழி பிறந்தது.

கோலியின் ஊசி

1890-இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவரிடம் பெஸ்ஸி டாஷியல் என்ற பெண் கைவலியோடு வந்தார். அது எலும்பைப் பற்றிய சார்கோமா என்னும் புற்றுநோய். கையையே வெட்டி எடுத்தும் பயனில்லை. 1891 ஜனவரியில் அவர் இறந்தார். அந்த மரணம் உலுக்கிவிட, கோலி மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கழுத்தில் சார்கோமா வந்து, அறுவை செய்தும் மீண்டும் மீண்டும் வளர்ந்த ஒரு ஜெர்மானியக் குடியேறியின் குறிப்பு அதில் கிடைத்தது. அறுவைக்குப் பின் அவருக்கு எரிசிபெலஸ் என்னும் கடும் தோல் தொற்று வந்திருக்கிறது. காய்ச்சல் ஏறி இறங்கியபோது கட்டியும் கரைந்து மறைந்திருக்கிறது. கோலி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் தேடி அலைந்து, ஏழாண்டுகளுக்குப் பிறகும் நலமாக இருந்த அந்த மனிதரைக் கண்டுபிடித்தார்.

அதே 1891-இல் கோலி தம் நோயாளி ஒருவரின் உடலில் எரிசிபெலஸை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஊசி மூலம் செலுத்தினார். உயிருள்ள கிருமியால் நோயாளியே இறக்கும் ஆபத்து இருந்ததால், விரைவிலேயே சூடாக்கிக் கொன்ற இருவகைக் கிருமிகளின் கலவைக்கு மாறினார். ‘கோலியின் நச்சு’ என்று பெயர் பெற்ற அந்த மருந்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. யாருக்குக் கரையும், ஏன் கரைகிறது என்று விளக்க அன்றைய அறிவியலில் இடமில்லை. டி செல் என்ற ஒன்று இருப்பதே அப்போது எவருக்கும் தெரியாது. கதிர்வீச்சு சிகிச்சை வந்து, அது தரும் பலனை அளவிட்டுக் காட்டவும் முடிந்தபோது, கோலியின் ஊசி ஒதுக்கப்பட்டது. 1936-இல் அவர் இறந்தார். அவருடைய மகள் ஹெலன் கோலி நாட்ஸ் தந்தையின் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்து, 1953-இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். நோயெதிர்ப்பு வழியிலான சிகிச்சைமீது எவருக்கும் நம்பிக்கை இல்லாத காலத்தில் அந்தத் துறைக்குப் பண உதவி செய்த இடங்களில் அது முக்கியமானது.

நம்பிக்கையும் ஐயமும்

உடலில் புற்றுநோய்ச் செல்கள் அடிக்கடி தோன்றுகின்றன, நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றைக் கண்டறிந்து அழித்துவிடுகிறது என்ற எண்ணத்தை ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1909-இலேயே முன்வைத்தார். 1957-இல் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட், அமெரிக்காவின் லூயிஸ் தாமஸ் ஆகியோர் அதை ‘நோயெதிர்ப்புக் கண்காணிப்பு’ என்ற கோட்பாடாக வளர்த்தார்கள். அது உண்மையானால், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்த உயிர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வரவேண்டும். 1974-இல் ஓசியாஸ் ஸ்டட்மன், டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி இல்லாத எலிகளை வைத்து இதைச் சோதித்தார். புற்றுநோயை உண்டாக்கும் ரசாயனம் செலுத்தியபோது அந்த எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் ஒரே அளவில்தான் கட்டிகள் வந்தன. கோட்பாடு சரிந்தது என்றே பலர் முடிவு செய்தார்கள். அந்த எலிகளிடமும் கட்டியை எதிர்க்கக்கூடிய வேறு வெள்ளணுக்களும் ஓரளவு டி செல்களும் இருந்தன என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் முயற்சிகள் நின்றுவிடவில்லை. காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பையில் செலுத்தி அங்குள்ள மேலோட்டமான புற்றுநோயைக் கட்டுப்படுத்தலாம் என்பது 1976-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. இன்றும் அந்தச் சிகிச்சை வழக்கில் உள்ளது. டி செல்களைப் பெருக்கும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தை அமெரிக்காவில் ஸ்டீவன் ரோசன்பர்க் 1980-களில் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார். சிறுநீரகப் புற்றுநோய், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் ஆகியவற்றில் சிலர் முழுமையாகக் குணமடைந்தார்கள். ஆனால், மருந்தின் வேகமே உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குக் கடுமையாக இருந்தது. 1991-இல் பிரஸ்ஸல்ஸில் தியரி பூன் குழுவினர், மனிதக் கட்டி ஒன்றில் டி செல்கள் அடையாளம் காணும் பொருளைத் தரும் முதல் மரபணுவைக் கண்டுபிடித்தனர். டி செல் புற்றுநோயை அடையாளம் காண்கிறது என்பதில் அதன்பின் ஐயம் குறைந்தது. கட்டியின் பொருள்களைக் கொண்டு தடுப்பூசிகள் பல செய்யப்பட்டன. அவை டி செல்களைப் பெருக்கின. கட்டிகளோ பெரும்பாலும் அசையவில்லை. அடையாளம் தெரிந்தும், எண்ணிக்கை பெருகியும், டி செல் ஏன் தாக்கவில்லை என்ற கேள்வி அப்படியே நின்றது.

முடுக்கும் விசை, நிறுத்தும் விசை

விடை, புற்றுநோயைத் தேடாதவர்களின் ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்தது. தைமஸ் சுரப்பியின் பயனை 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் கண்டறிந்தார். அங்கு முதிர்ச்சி பெறும் வெள்ளணுக்களே டி செல்கள். அவை அந்நியப் பொருளை உணரப் பயன்படுத்தும் ஏற்பியின் மரபணுக்கள் 1984-இல் பிரித்தெடுக்கப்பட்டன. ஏற்பி மட்டும் தூண்டப்பட்டால் டி செல் முழுவீச்சில் இறங்குவதில்லை; இரண்டாவதாக ஓர் ஒப்புதல் சமிக்ஞையும் வேண்டும். டி செல்லின் சி.டி.28 என்ற புரதத்தை, மற்ற வெள்ளணுக்களின் மேலிருக்கும் பி7 என்ற புரதம் தொடும்போது அந்த ஒப்புதல் கிடைக்கிறது. பெரும்பாலான கட்டிச் செல்களில் பி7 கிடையாது.

1987-இல் பிரான்சின் மார்சேய் நகரில் பியர் கோல்ஸ்டீன் குழுவினர், எலியின் கொல்லும் டி செல்களில் மட்டும் மிகுதியாக இயங்கும் மரபணுக்களைத் தேடியபோது புதிய புரதம் ஒன்று கிடைத்தது. அவர்கள் பட்டியலில் நான்காவதாக இருந்ததால் அதற்கு சி.டி.எல்.ஏ-4 என்று பெயர். உருவத்தில் அது சி.டி.28-க்கு உடன்பிறப்புபோல இருந்தது. அதே பி7 புரதத்தை, சி.டி.28-ஐவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பற்றியது. ஆகவே, இதுவும் டி செல்லை முடுக்கும் புரதமே என்று பல ஆய்வாளர்கள் கருதினார்கள்.

சிகாகோவில் ஜெஃப்ரி புளூஸ்டோன் குழுவும், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜேம்ஸ் அலிசன், மேத்யூ கிரம்மல் ஆகியோரும் 1994, 1995 ஆண்டுகளில் அதற்கு நேர்மாறான முடிவை எட்டினார்கள். டி செல் கிளர்ந்தெழுந்த பிறகே சி.டி.எல்.ஏ-4 செல்லின் மேற்பரப்புக்கு வருகிறது. வந்ததும் பி7-ஐத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு செல்லை அடக்குகிறது. அது டி செல்லின் கடிவாளம். 1995-இல் பாஸ்டனிலும் டொரன்டோவிலும் இந்த மரபணுவை நீக்கி வளர்த்த எலிகள் அதை ஐயமின்றி உறுதிசெய்தன. அவற்றின் டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி இதயம், கணையம் முதலிய உறுப்புகளுக்குள் புகுந்தன. பிறந்து மூன்று நான்கு வாரங்களுக்குள் எலிகள் இறந்தன.

இந்தக் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால், தன் உடலையே தாக்கும் நோய்களைக் கட்டுப்படுத்தலாம். அந்த வழியில் சென்றவர்கள் உருவாக்கிய அபடாசெப்ட் என்ற மருந்து 2005-இல் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. அலிசன் எதிர்த்திசையில் யோசித்தார். டெக்சாஸில் பிறந்து, சிறுவனாக இருந்தபோதே தாயை லிம்போமா என்னும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். கடிவாளத்தைச் சிறிது காலம் தளர்த்தினால் டி செல் கட்டியைத் தாக்குமா என்பது அவருடைய கேள்வி.

1994-இன் கடைசியில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் டானா லீச், கட்டி வளர்ந்த எலிகளுக்கு சி.டி.எல்.ஏ-4-ஐ மூடி மறைக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தினார். கட்டிகள் கரைந்தன. நம்ப முடியாத அந்த முடிவை உடனே மீண்டும் சோதிக்க வேண்டும் என்றார் அலிசன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்று தெரியாத நிலையில் அவரே கட்டிகளை அளந்தார். முதலில் எல்லா எலிகளிலும் கட்டி வளர்ந்தது. பிறகு ஒரு பிரிவில் மட்டும் வளர்ச்சி நின்று, கட்டி சுருங்கத் தொடங்கியது. குணமான எலிகளுக்கு அதே புற்றுநோய்ச் செல்களை மறுபடி செலுத்தியபோது அவை வேரூன்றவில்லை. 1996 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழில் இந்த ஆய்வு வெளியானது.

எலியிலிருந்து மனிதருக்கு

எலியில் வெற்றி பெற்று மனிதரிடம் தோற்ற சிகிச்சைகள் ஏராளம் என்பதால் மருந்து நிறுவனங்கள் தயங்கின. நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கொண்டு புற்றுநோயைக் குணப்படுத்துவோம் என்ற பழைய வாக்குறுதிகள் பல பொய்த்திருந்ததும் காரணம். மெடாரெக்ஸ் என்ற சிறு நிறுவனம் முன்வந்தது. மனித எதிர்ப்பொருளைச் சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகள் அதனிடம் இருந்தன. அவற்றைக் கொண்டு உருவான எதிர்ப்பொருளே இபிலிமுமாப்.

2003-இல் வெளியான ஆரம்பகட்ட ஆய்வு ஒன்றில், பரவிய மெலனோமா உள்ள 14 பேருக்குத் தடுப்பூசியோடு இம்மருந்தும் கொடுக்கப்பட்டது. 3 பேருக்குக் கட்டி சுருங்கியது. 6 பேருக்குத் தோல், குடல், கல்லீரல், பிட்யூட்டரி சுரப்பி போன்ற இடங்களில் கடுமையான அழற்சி உண்டானது. மருந்தின் பலனும் கேடும் ஒரே வேரிலிருந்து கிளம்புவது அப்போதே தெளிவாயிற்று.

மருந்தை மதிப்பிடும் முறையிலும் சிக்கல் எழுந்தது. கீமோதெரபி வேலை செய்தால் சில வாரங்களில் ஸ்கேனில் கட்டி சிறுத்துத் தெரியும். இந்த மருந்திலோ டி செல்கள் கட்டிக்குள் திரண்டு நுழைவதால் சிலருக்குக் கட்டி முதலில் பெரிதாகத் தெரிந்து, மாதங்கள் கழித்தே கரைந்தது. பழைய அளவுகோலின்படி அவர்கள் சிகிச்சை பலிக்காதவர்கள். இதே இலக்கைக் கொண்ட மற்றொரு மருந்தான டிரெமெலிமுமாப்பின் பெரிய சோதனையை ஃபைசர் நிறுவனம் 2008-இல், பலன் இல்லை என்று இடையிலேயே நிறுத்தியது. அந்த மருந்து கல்லீரல் புற்றுநோய்க்கு மற்றொரு மருந்தோடு இணைந்து 2022-இல்தான் அனுமதி பெற்றது. இபிலிமுமாப் சோதனையை நடத்தியவர்கள் கட்டியின் அளவைவிட நோயாளி எவ்வளவு காலம் வாழ்கிறார் என்பதையே முதன்மை அளவுகோலாக எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தப் பொறுமை மருந்தைக் காப்பாற்றியது.

676 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையின் முடிவு 2010-இல் வெளியானது. ஒப்பீட்டுக்காகத் தடுப்பூசி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 6.4 மாதங்கள்; இபிலிமுமாப் பெற்றவர்களுக்குச் சுமார் 10 மாதங்கள். பரவிய மெலனோமாவில் வாழ்நாளை நீட்டியதாக இத்தகைய சோதனையில் நிரூபணமான முதல் மருந்து அதுவே. 2011 மார்ச் 25 அன்று அமெரிக்க அனுமதி கிடைத்தது. பின்னாளில் 1,861 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்தபோது இன்னொரு முக்கியமான உண்மை வெளிப்பட்டது. மூன்றாம் ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழ 22 சதவீதம். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. மூன்றாண்டைத் தாண்டியவர்களில் சிலர் பத்தாண்டுவரைகூட வாழ்ந்தார்கள்.

கியோட்டோவில் கிடைத்த இரண்டாவது கடிவாளம்

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம் 1990-களின் தொடக்கத்தில் வேறொரு புதிரை ஆராய்ந்துகொண்டிருந்தது. தைமஸில் தேவையற்ற செல்கள் தாமே மடிகின்றன; அந்தத் திட்டமிட்ட மரணத்தை நிகழ்த்தும் மரபணு எது என்பதே கேள்வி. அங்கு பணியாற்றிய யசுமாசா இஷிதா 1992-இல் ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தார். திட்டமிட்ட மரணம் என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளால் அதற்கு பி.டி-1 என்று பெயர் வைத்தார்கள். பெயர் நிலைத்தது, ஆனால், செல்லின் மரணத்தில் அதற்கு நேரடிப் பங்கில்லை என்று பின்னர் தெரிந்தது.

அதன் உண்மையான வேலையைக் கண்டறியப் பல ஆண்டுகள் ஆயின. பி.டி-1 நீக்கப்பட்ட எலிகள் சி.டி.எல்.ஏ-4 இல்லாத எலிகளைப்போல உடனே இறக்கவில்லை. மாதங்கள் கழிந்து, எலியின் இனத்துக்கேற்ப மூட்டுகளும் சிறுநீரகமும் பழுதாயின, அல்லது இதயம் வீங்கித் தளர்ந்தது. பி.டி-1-உம் ஒரு கடிவாளம், ஆனால் மென்மையானது என்பதை 1999, 2001 ஆண்டுகளில் வெளியான இந்த ஆய்வுகள் காட்டின. சி.டி.எல்.ஏ-4 பெரும்பாலும் நிணநீர் முடிச்சுகளில், டி செல் கிளம்பும் கட்டத்திலேயே அதை அடக்குகிறது. பி.டி-1 களத்தில், அதாவது திசுக்களில், போரிடும் டி செல்லை அடக்குகிறது.

பி.டி-1-ஐத் தொட்டு அடக்கும் பி.டி-எல்1 என்ற புரதத்தை மேயோ மருத்துவ மையத்தில் இருந்த லீபிங் சென் 1999-இல் வேறு பெயரில் விவரித்தார். அது பி.டி-1-இன் இணை என்பதை பாஸ்டனைச் சேர்ந்த கார்டன் ஃப்ரீமனும் ஹோன்ஜோவின் குழுவும் 2000-இல் காட்டினர். பல புற்றுநோய்க் கட்டிகள் இந்தப் புரதத்தைத் தம்மேல் நிறையச் சுமந்து நிற்பதை சென்னின் குழு 2002-இல் தெரிவித்தது. அதே ஆண்டு கியோட்டோ குழு, பி.டி-எல்1-ஐ மறித்தால் எலியில் கட்டியின் வளர்ச்சி தடைபடுவதைக் காட்டியது.

ஹோன்ஜோவோடு இணைந்திருந்த ஒசாகாவின் ஓனோ மருந்து நிறுவனம், தனியாக இதில் இறங்கத் தயங்கியது. மெடாரெக்ஸ் கூட்டுச் சேர்ந்த பிறகு நிவோலுமாப் என்ற எதிர்ப்பொருள் உருவாயிற்று. 2012-இல் சூசன் டோபாலியனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முடிவுகள் மருத்துவ உலகை நிமிர்ந்து உட்காரவைத்தன. மெலனோமாவில் 28 சதவீதம் பேருக்கும், சிறுநீரகப் புற்றுநோயில் 27 சதவீதம் பேருக்கும் கட்டி சுருங்கியிருந்தது. நுரையீரல் புற்றுநோயில் அது 18 சதவீதம். நோயெதிர்ப்பு சிகிச்சைக்கு மசியாதது என்று கருதப்பட்ட நுரையீரல் புற்றுநோயில் கிடைத்த அந்த எண்ணே பெரிய திருப்பம். 2014 ஜூலையில் ஜப்பான் நிவோலுமாப்புக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா மெர்க் நிறுவனத்தின் பெம்ப்ரோலிசுமாப்புக்கும் அனுமதி அளித்தன.

பரவலும் எல்லையும்

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தம் 90-ஆம் வயதில், 2015 ஆகஸ்டில், மெலனோமா மூளைவரை பரவிவிட்டதாக அறிவித்தார். அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு பெம்ப்ரோலிசுமாப்பும் அவருக்குத் தரப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்கேனில் புற்றுநோயின் தடயம் இல்லை என்றார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து 100-ஆம் வயதில் மறைந்தார். இந்தச் சிகிச்சையின் பெயர் பொதுமக்களைச் சென்றடைந்தது அவர் மூலமாகத்தான்.

எந்தக் கட்டி இதற்குப் பணியும் என்பதும் மெல்லத் தெளிவாயிற்று. மரபணுப் பிறழ்வுகள் அதிகமுள்ள கட்டி, டி செல்லின் கண்ணுக்கு அதிக அந்நியமாகத் தெரிகிறது. வெயிலால் வரும் மெலனோமாவும் புகையால் வரும் நுரையீரல் புற்றுநோயும் இதற்கு இணங்குவது அதனால்தான். டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் ஆற்றல் இழந்த கட்டிகளிலும் பிறழ்வுகள் குவிந்திருக்கும். அத்தகைய கட்டி உடலில் எங்கு தோன்றியிருந்தாலும் பெம்ப்ரோலிசுமாப் தரலாம் என்று 2017 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது. உறுப்பைப் பாராமல் மரபணுக் குறியைப் பார்த்து ஒரு புற்றுநோய் மருந்து அனுமதி பெற்றது அதுவே முதல்முறை. இரு கடிவாளங்களையும் சேர்த்து அவிழ்த்தபோது பரவிய மெலனோமாவில் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தவர்கள் 52 சதவீதம். 2018-இல் அலிசனும் ஹோன்ஜோவும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மூன்றாவது கடிவாளமான லேக்-3 என்ற புரதத்தை மறிக்கும் மருந்து 2022-இல் வந்தது.

எல்லைகளும் பெரியவை. கணையப் புற்றுநோயிலும் பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோயிலும் டி செல்கள் கட்டிக்குள் அதிகம் நுழைவதில்லை. உள்ளே வராத செல்லுக்குக் கடிவாளத்தை அவிழ்த்துப் பயனில்லை. அமெரிக்காவில் 2018-இல் இம்மருந்துகளுக்குத் தகுதி பெற்ற புற்றுநோயாளிகள் சுமார் 44 சதவீதம் என்றும், மருந்துக்கு இணங்கக்கூடியவர்கள் 13 சதவீதத்துக்கும் குறைவு என்றும் ஒரு மதிப்பீடு கூறுகிறது. பலன் கிடைத்தவர்களிலும் சிலருக்குத் தைராய்டு சுரப்பி செயலிழக்கிறது. குடல், நுரையீரல், அரிதாக இதயத் தசை அழற்சி கொள்கிறது. ஸ்டீராய்டு கொடுத்து டி செல்களை மீண்டும் அடக்குவதே அதற்கு முதல் மருத்துவம்.

விலை மற்றொரு சுவர். இபிலிமுமாப் வந்தபோது நான்கு டோஸ்களுக்கு அமெரிக்காவில் 1,20,000 டாலர் ஆயிற்று. ஜப்பானிலேயே செலவு தாங்காமல் 2017-இல் நிவோலுமாப்பின் விலையை அரசு பாதியாகக் குறைத்தது. இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த மருந்துகள் எட்டாதவை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி தேடினார்கள். பி.டி-1-ஐ மூடி மறைக்கச் சிறிதளவு மருந்தே போதும் என்பதற்கு ஆரம்பகால ஆய்வுகளில் சான்று இருந்தது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு, குறைந்த செலவிலான மாத்திரைச் சிகிச்சையோடு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். 2022-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டு உயிர் வாழ்ந்தவர்களின் விகிதம் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தது.

கோலியின் காலத்தில் யாருக்குப் பலிக்கும், ஏன் பலிக்கிறது என்று தெரியாமல் இருந்த சிகிச்சைக்கு, ஏன் என்பதற்கான விடை கிடைத்துவிட்டது. யாருக்கு என்பதற்குப் பாதி விடை கிடைத்திருக்கிறது. டி செல் நுழையாத கட்டிகளுக்குள் அதைக் கொண்டுசெல்வது எப்படி, எவ்வளவு குறைந்த மருந்து போதும் என்ற இரு கேள்விகளிலேயே இன்றைய ஆய்வுகள் பல மும்முரமாக இருக்கின்றன.